எம்பயர் தொடரின் கடைசி அத்தியாயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஏதேனும் ஓர் அயல்நாட்டுத் தொடரை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது வழக்கம். கடைசியாக நாங்கள் பார்த்து முடித்தது, அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2015 ஜனவரி முதல் 2020 ஏப்ரல் வரை ஆறு சீசன்களாக ஒளிபரப்பான எம்பயர். மொத்தம் 102 அத்தியாயங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் பார்த்ததில் ஏறக்குறைய ஓர் ஆண்டு எங்களோடு இருந்த தொடர் அது. அதன் இறுதி அத்தியாயம் முடிந்தபோது எழுந்த ஏமாற்றம் இன்னும் அடங்கியபாடில்லை. அன்று உடனிருந்தவர்களும், பிறகு தனியே பார்த்துவிட்டு வந்து சண்டைக்கு நின்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். கதையின் திருப்பங்களை மறைக்காமல்தான் எழுதியிருக்கிறேன்.

தொடரையே பார்க்காத ஒருவருக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

லூஷியஸ் லயன் என்பவர், தெருவில் போதைப்பொருள் விற்றுக்கொண்டிருந்த நிலையிலிருந்து பாடகராகி, பிறகு எம்பயர் என்ற பெரிய இசை நிறுவனத்தின் முதலாளியானவர். நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக இருக்கும் வேளையில், தமக்குத் தீராத நரம்பு நோய் இருப்பதாக அறிந்து, மூன்று மகன்களில் யாருக்கு அரியணை என்று போட்டி வைக்கிறார். மூத்தவன் ஆண்ட்ரே கணக்கு வழக்கில் கெட்டிக்காரன், ஆனால் பாடத் தெரியாது. நடுவிலானவன் ஜமால் பிறவிப் பாடகன். கடைக்குட்டி ஹக்கீம் ராப் பாடுபவன், செல்லமாக வளர்ந்தவன். இந்த நேரத்தில், போதைப்பொருள் வழக்கில் 17 ஆண்டுகள் சிறையில் இருந்த அவர்களுடைய தாய் குக்கி வெளியே வந்து, நிறுவனம் தொடங்குவதற்கான முதல் பணம் தன்னுடையது, எனவே பாதி தனக்கு என்று வாசலில் வந்து நிற்கிறாள். லூஷியஸாக டெரன்ஸ் ஹோவர்டும் குக்கியாக டராஜி பி. ஹென்சனும் நடித்தார்கள். தொடரை உருவாக்கியவர்கள் லீ டேனியல்ஸ், டேனி ஸ்ட்ராங் இருவரும்.

முதலாளி தந்தை, சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள், திரும்பி வந்த மனைவி என்று சொன்னால் நம் ஊர் மெகா சீரியல் போலத்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும், அதில் இழிவு ஒன்றுமில்லை. முதல் சீசனை அமெரிக்காவிலும் அந்த வெறியோடுதான் பார்த்தார்கள். ஏறத்தாழ 99 லட்சம் பேரோடு தொடங்கி, வாரந்தோறும் ஏறிக்கொண்டே போய், சீசன் முடிவில் ஒரு கோடியே 76 லட்சம் பேரைத் தொட்டது.

கடைசி அத்தியாயத்தில் அப்படி என்னதான் குறை?

அது கடைசி அத்தியாயமாக எழுதப்பட்டதே இல்லை என்பதுதான் முதற்குறை. ஆறாவது சீசனுக்கு 20 அத்தியாயங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. 2020 மார்ச்சில், சிகாகோவில் 19ஆவது அத்தியாயத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது கொரோனா காரணமாக எல்லாம் நின்றுபோயின. 18ஆவது அத்தியாயத்தை எடுத்து, 19இல் அதுவரை படமாகியிருந்த சில துண்டுகளைக் கோத்து, அதையே தொடரின் முடிவு என்று ஏப்ரல் 21 அன்று ஒளிபரப்பிவிட்டார்கள்.

இரண்டாவது குறை, அந்தச் சீசன் எதைச் சொல்லி நம்மை உட்கார வைத்தது என்பதைப் பொறுத்தது. சீசனின் தொடக்கத்திலேயே வருங்காலக் காட்சிகளைக் காட்டி, லூஷியஸ், குக்கி இருவரும் உயிரோடு மிஞ்சுவார்களா என்ற ஐயத்தை விதைத்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு சண்டையும் ஒவ்வொரு சமரசமும் அந்த ஐயத்தின் வெளிச்சத்தில்தான் பொருள் பெற்றது. ஆனால் அதற்கு அவர்கள் யோசித்து வைத்திருந்த முழுமையான விடை, எடுக்கப்படாத பகுதியோடு போய்விட்டது. கிடைத்ததை வைத்து ஒட்டிய முடிவில் கணவனும் மனைவியும் மறுபடி நெருங்குகிறார்கள், இசை ஒலிக்கிறது, படச்சுருள் தீர்ந்துவிட்டது போலத் திரை இருண்டுவிடுகிறது.

அன்று மாடியில் என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா? ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள்.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாங்கள் ஆறாவது சீசனின் 16 அத்தியாயங்களை முடித்திருந்த நேரத்தில், 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை என்றாலும், பக்கத்து வீடுகளில் இருந்த நான்கைந்து பேர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, மிச்சக் கதையைத் தாங்களே சொல்லிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா குக்கியைச் சாகவிடவே மாட்டேன் என்றார். அவருடைய மகன், ஆண்ட்ரேதான் தந்தையைச் சுடுவான் என்று பந்தயம் கட்டினான். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்து புயலில் மாட்டிக்கொண்ட என் நண்பர், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், இருவரும் மேடையிலேயே ஒரு பாட்டைப் பாதியில் விட்டுச் சாக வேண்டும் என்று சொல்லி, அந்தப் பாட்டின் மெட்டைக்கூட மேசையில் தட்டிக் காட்டினார்.

ஒரு வாரம் கழித்து, சுண்டல் பொட்டலங்களோடு எல்லாரும் கூடி, கடைசி இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்துப் பார்த்தோம். முடிவுப் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா, பொட்டலத்தை மடியில் வைத்தபடியே, "அப்புறம்?" என்று கேட்டார். இடைவேளை என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் அக்கா, முடிந்துவிட்டது என்று நான் சொன்னபோது, ஏதோ நானே எடுத்த படம்போல என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவருடைய மகன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாங்கள் சொன்ன முடிவே மேல் என்றான். மற்றபடி யாரும் தொலைக்காட்சியை உடைக்கப் போகவில்லை. அது கட்டுக்கதை.

பெருந்தொற்றுதான் காரணம் என்று தெரிந்த பிறகும் குறை சொல்வது நியாயமா?

எங்கள் குழுவில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட கேள்வி இது. உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, ஒரு தொலைக்காட்சித் தொடரை முடிக்கவில்லை என்று கோபப்படுவது சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் சொன்னார்கள். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் உயிருக்கு அஞ்சி வீட்டுக்குப் போனதை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

ஆனால் எதிர்வீட்டு அக்கா எடுத்துவைத்த வழக்கு வேறு. அவர் ஏலச்சீட்டு கட்டுபவர், கணக்கில் புலி. "இருபது மாசச் சீட்டு தம்பி இது. பதினெட்டாம் மாசத்தோட நின்னுபோச்சு. முன்னாடியே எடுத்தவனுக்கு என்ன கஷ்டம்? கடைசி மாசம் எடுத்துக்கலாம்னு பொறுமையா கட்டினவதான் தெருவுல நிக்கிறா" என்றார். சீட்டு நின்றதற்குப் புயல் காரணமாக இருக்கலாம், நோய் காரணமாக இருக்கலாம். ஆனால் பதினெட்டு மாதமும் பொறுமையாகக் கட்டினவர்களுக்கு ஒரு பைசாகூடத் தராமல், எல்லாவற்றையும் கடைசி மாதத்துக்கு என்று ஒத்திவைத்தது யார் என்பதே அவருடைய கேள்வி.

இதை நான் முழுமையாக ஏற்கிறேன். வாரந்தோறும் ஒரு சிறு கணக்கையாவது தீர்த்துக்கொண்டு போகும் கதை, எந்த வாரத்தில் நின்றாலும் பார்ப்பவரிடம் கொஞ்சமாவது கொடுத்துவிட்டே நிற்கும். முதல் சீசன் அப்படித்தான் இருந்தது. அதில் எந்த அத்தியாயத்தோடு நிறுத்தினாலும் யாரோ ஒருவர் எதையோ வென்றிருப்பார், இழந்திருப்பார். ஆறாவது சீசனோ நம்மிடமிருந்து தவணையை மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தது. நோய் வந்து கடையைச் சாத்தியது உண்மை. கல்லாவில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை என்பது சாத்திய பிறகே தெரிந்தது.

நடுவில் மைக்கைப் பிடுங்கினால் யாரால்தான் ஒழுங்காக முடிக்க முடியும்?

கீபோர்டு நண்பரிடம் இதைக் கேட்டபோது அவர் சிரித்தார். கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய நிலை வந்தாலும், சாமி ஊர்வலம் தாமதமானாலும், ஊர்ப் பெரியவர் வாழ்த்துரை என்று நாற்பது நிமிடம் பேசினாலும், பத்து மணிக்குக் காவலர் வந்து மேடையோரம் நின்றுவிடுவார். எனவே அவருடைய குழுவில் ஒரு பழக்கம் உண்டு. பாடல் பட்டியலில் முப்பது பாட்டு இருந்தாலும், கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் அந்தக் கடைசிப் பாட்டு எப்போதும் தனியாகத் தயாராக இருக்கும். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, எந்தப் பாட்டின் நடுவில் இருந்தாலும் தபலாக்காரர் ஒரு சைகை கொடுப்பார். சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்கு வந்து முடித்து, கடைசிப் பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். விட்டுப்போன பத்துப் பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கருநாடக இசைக் கச்சேரியிலும் இதே கதைதான். நேரம் போதாமல் துக்கடாக்கள் குறையலாம், ராகம் தானம் பல்லவியையே விட்டுவிடலாம். மங்களம் பாடாமல் எழுந்து போவதில்லை. அதற்கு முன் மத்யமாவதி ராகத்தைத் தொட்டுவிட்டால், அதுவரை நேர்ந்த பிழையெல்லாம் பொறுக்கப்படும் என்பது நம்பிக்கை.

தொலைக்காட்சித் தொடரை இப்படி நடத்த முடியுமா என்று கேட்டால், நேர்மையாக, முழுமையாக முடியாது. மேடையில் இருப்பவர் அந்த நொடியில் முடிவெடுக்கலாம். ஆறு மாதம் முன்பே எழுதிப் படமாக்கிய ஒன்றுக்குத் தபலாக்காரரின் சைகை கிடைக்காது. ஆனால் கையில் இருந்த துண்டுகளை வைத்தே இன்னும் நேர்மையாக முடித்திருக்கலாம். இந்தக் கதை இங்கே அறுபட்டது என்று ஒப்புக்கொண்டு, எடுக்கப்படாத பக்கங்களை நடிகர்கள் தத்தம் வீட்டிலிருந்தபடியே வாசித்திருந்தால்கூட நான் கண் கொட்டாமல் கேட்டிருப்பேன். அந்த நாள்களில் அவரவர் கூடத்தில் இருந்து எத்தனையோ பேர் எதையெதையோ பாடியும் வாசித்தும் காட்டினார்கள் அல்லவா?

முந்தைய சீசன்களும் தொங்கலில்தானே முடிந்தன? அப்போது ஏன் முணுமுணுக்கவில்லை?

முணுமுணுத்தோம், ஆனால் சிரித்துக்கொண்டே முணுமுணுத்தோம். முதல் சீசன் முடிவில் லூஷியஸ் கைதாகிறார். இரண்டாம் சீசன் முடிவில் மாடி முகப்பில் இரண்டு பெண்கள் கட்டிப் புரண்டு, ஒருத்தி கீழே விழுகிறாள், விழுந்தவள் யார் என்று காட்டாமலே முடித்துவிட்டார்கள். மூன்றாவதின் முடிவில் லாஸ் வேகாஸில் வெடிகுண்டு வெடிக்கிறது. அமெரிக்காவில் நான்கு மாதம் காத்திருந்தார்கள், நாங்கள் தேநீர் குடிக்கும் நேரம் மட்டும் காத்திருந்தோம்.

இங்கேதான் நுட்பமான ஒன்று இருக்கிறது. தொங்கவிடுவது என்பது கடன். அடுத்த சீசன் என்ற ஈடு இருக்கும்வரை கடன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கி வாங்கிப் பழகியவருக்கு, கதையை வேறு எப்படி நகர்த்துவது என்பது மறந்துவிடும். ஐந்தாம் சீசனில் ஒரு சவப்பெட்டியைக் காட்டி உள்ளே யார் என்று ஆண்டு முழுவதும் கேட்க வைத்தார்கள். ஆறாவதிலும் அதே உத்தி. இந்த முறை ஈடு வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜமால் எங்கே போனான்?

ஜமாலாக நடித்த ஜஸ்ஸி ஸ்மொலெட் 2019இல் தம்மைச் சிலர் தாக்கியதாகப் புகார் அளித்ததும், அதைத் தொடர்ந்து அவர் மீதே வழக்கு வந்ததும் செய்திகளில் பெரிதாக அடிபட்ட விவகாரம். ஐந்தாம் சீசனின் கடைசி இரண்டு அத்தியாயங்களிலிருந்து அவர் நீக்கப்பட்டார், ஆறாவதில் திரும்பவில்லை. கதையில் அவன் லண்டனில் கணவனோடு இருப்பதாகச் சொல்லிக் கடந்துபோனார்கள். மூன்று கால் முக்காலியில் ஒரு காலை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னது போலத்தான் அந்தச் சீசன் இருந்தது.

பாடல்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். என் பார்வையில் இறுதி அத்தியாயத்தின் பெரிய தோல்வியே அதுதான், கதைமுடிச்சு அல்ல.

இசைத் துறையைப் பற்றிய நாடகத்துக்கு, வேறெந்த நாடகத்துக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. வசனத்தால் தீராததைப் பாட்டால் தீர்க்கலாம். முதல் சீசனில் இதற்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. சிறு வயதில் ஜமால் தாயின் குதிகால் செருப்பை மாட்டிக்கொண்டு விருந்தினர் நடுவே வந்து நிற்க, லூஷியஸ் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருக் குப்பைத்தொட்டியில் போடுகிறார். குழந்தை தொட்டிக்குள் கிடந்து அழுவதைத் தாய் ஓடிவந்து தூக்குகிறாள். பல அத்தியாயங்கள் கழித்து, எல்லாரும் வெள்ளை உடுத்தி வந்திருக்கும் ஒரு விருந்தில், அந்தத் தந்தையின் புகழ்பெற்ற பழைய பாட்டையே ஜமால் பாடுகிறான். பெண்ணை நேசிப்பது பற்றிய வரியில் பெண் என்ற ஒரே சொல்லை மாற்றி, ஆண் என்று பாடிவிடுகிறான். தான் ஓரினச் சேர்க்கையாளன் என்பதை உலகத்துக்குச் சொல்ல அவனுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. லூஷியஸின் முகம் மாறுகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, மகன்தான் காதோடு காதாக மொழிபெயர்ப்பான். அந்த இடத்தில் அவன் வாய் திறக்குமுன்பே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு சீசன்களில் டிம்பலேண்ட் என்ற பெரிய இசைத் தயாரிப்பாளரின் மேற்பார்வையில், தொடருக்கென்றே புதிய பாடல்கள் வாரந்தோறும் உருவாயின. அவை தொடருக்கு வெளியிலும் விற்றன. 2015 மார்ச்சில் முதல் சீசனின் பாடல் தொகுப்பு, அமெரிக்காவின் இசைத்தொகுப்புத் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் நேரே முதலிடத்தில் வந்து இறங்கியது. அதே வாரம் வெளியான மடோனாவின் தொகுப்பு இரண்டாமிடத்துக்குப் போனது. ஒரு கற்பனை நிறுவனத்தின் பாட்டு, உண்மையான நிறுவனத்தின் பாட்டைச் சந்தையில் தோற்கடித்த வினோதம் அது.

அப்படிப்பட்ட தொடர், முடிவில் நம் காதில் எதை விட்டுச் சென்றது? மறுநாள் காலையில் கீபோர்டு நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, கடைசியில் ஒலித்த இசையை வாசித்துக் காட்டச் சொன்னேன். எந்த மெட்டையும் ஒரு முறை கேட்டால் வாசிப்பவர் அவர். சற்று நேரம் யோசித்துவிட்டு, முதல் சீசனில் ஜமால் பாடிய அந்தப் பாட்டைத்தான் வாசித்தார்.

நாஷ்வில் தொடருக்கும் இப்படித்தானே நேர்ந்தது?

பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் வேறு. நாட்டுப்புற மெட்டுகளில் வளர்ந்த அமெரிக்க கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரைக் களமாகக் கொண்ட அந்தத் தொடர், 2012 முதல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. 2016 மே மாதத்தில் ஏபிசி அதை நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதம் ஒளிபரப்பான நான்காம் சீசன் முடிவில், பாடகி ஜூலியட் பயணம் செய்த விமானம் தொடர்பிழந்துவிடுகிறது. முன்னாள் கணவன் குழந்தையோடு காத்திருக்கிறான். அவ்வளவுதான் முடிவு. இனி வரவே போவதில்லை என்று தெரிந்த தொடரில் இப்படிச் செய்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோபம் வீண்போகவில்லை. தங்களை நாஷீஸ் என்று அழைத்துக்கொண்ட ரசிகர்கள் சமூக ஊடகங்களில் விடாமல் குரல் கொடுத்தார்கள். அடுத்த மாதமே சிஎம்டி என்ற கன்ட்ரி இசைத் தொலைக்காட்சி தொடரை எடுத்துக்கொண்டது, 2018 வரை நடந்தது. தயாரிப்பாளர்கள் வேறு வாங்குநரை மனத்தில் வைத்தே விமானத்தை வானில் விட்டார்கள் என்றால், அது துணிந்து ஆடிய ஆட்டம், வென்றும்விட்டார்கள். தோற்றிருந்தால் நாம் இன்று அவர்களையும் திட்டிக்கொண்டிருப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வினைல், தி ஐடல் ஆகிய தொடர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

வினைலைச் சேர்க்க வேண்டாம். 1973ஆம் ஆண்டு நியூயார்க்கின் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைப் பற்றிய அத்தொடரில் திரைப்பட இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்சேசியும் ராக் பாடகர் மிக் ஜேகரும் பங்குகொண்டிருந்தார்கள். 2016 பிப்ரவரியில் முதல் அத்தியாயம் வந்தவுடனேயே இரண்டாம் சீசன் உறுதி என்று அறிவித்த எச்பிஓ தொலைக்காட்சி, ஜூன் மாதம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சீசன் முடிவாக எழுதியது தொடர் முடிவாகிவிட்டது. பார்வையாளரைவிட எழுதியவர்களுக்கே அதிக ஏமாற்றம் இருந்திருக்கும்.

2023இல் வந்த தி ஐடல் வேறு வகை. அங்கே நோயும் இல்லை, திடீர் நிறுத்தமும் இல்லை. தாய் தன்னைச் சீப்புத் தூரிகையால் அடித்து வளர்த்ததாகச் சொல்லிக் கண்ணீர் விட்ட பாடகியின் அறையில், கடைசி அத்தியாயத்தில் அந்தத் தூரிகை புத்தம் புதிதாக இருப்பதைக் காதலன் கவனிக்கிறான். ஆக, அத்தனையும் அவளுடைய நாடகமோ என்று நாம் வியக்க வேண்டுமாம். அதுவரை நான்கு அத்தியாயங்களில் அவள் பட்ட துன்பத்துக்கு நாம் கொடுத்த இரக்கத்தை ஒரு தூரிகை வாரிக்கொண்டு போய்விட்டது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. எங்கள் குழுவில் இதைப் பார்த்தவர்கள் மூவர்தான், மூவரும் மற்றவர்களைப் பார்க்க விடவில்லை.

சோகமான முடிவு நம்மவர்களுக்குப் பிடிக்காது, அதனால்தான் இவ்வளவு கூச்சலா?

இதை முற்றாக மறுக்கிறேன். கடலூர், விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. இரவு இரவாக விடிய விடிய நடக்கும் கூத்து பதினெட்டாம் போரில் வந்து நிற்கும். மறுநாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து படுக்க வைத்த பிரம்மாண்டமான துரியோதனனின் தொடை பிளக்கப்பட்டு, திரௌபதி கூந்தலை முடிக்கும்போது, அங்கே நிற்கும் பெண்கள் அழாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அத்தனையும் சாவு, அத்தனையும் ஊரறிந்த கதை. முடிவு முன்கூட்டியே தெரிந்தாலும் சுவை கெடவில்லை, சோகமாக இருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

சபையில் விரித்த கூந்தலை முடிக்காமல் கூத்தாடிகள் மூட்டை கட்டிவிட்டால் ஊர் சும்மா விடுமா? அக்காவின் "அப்புறம்?" என்ற கேள்விக்கு அதுதான் பொருள். குக்கி செத்திருந்தாலும் அவர் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். எம்பயரும் பதினெட்டோடு நின்றது. ஆனால் படுகளம் இல்லாமல் நின்றது.

படமாக்கப்படாத அந்த இரண்டு அத்தியாயங்கள் எப்போதாவது வருமா?

வராது. முறையான முடிவு ஒன்றைப் பின்னர் எடுக்கும் விருப்பத்தை அந்த நாள்களில் தயாரிப்புத் தரப்பினர் வெளிப்படையாகவே தெரிவித்திருந்தார்கள். ஆனால் நாங்கள் பார்த்து முடித்த நாளில் ஒளிபரப்பு நின்று நான்கரை ஆண்டுகள் கடந்திருந்தன, எதுவும் எடுக்கப்படவில்லை. இடிந்த செட்டையும் கலைந்த நடிகர்களையும் திரும்பக் கூட்டுவது எளிதன்று.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எதோடு நிறுத்திக்கொள்ளலாம்?

முதல் சீசனின் 12 அத்தியாயங்களோடு. லூஷியஸ் சிறைக்குள் போகிறார், குக்கி வெளியே இருக்கிறாள். தொடங்கியபோது இருந்த நிலைக்கு நேர் தலைகீழ். தொங்கல் இருந்தாலும், அதுவரை வாங்கிய தவணைக்கெல்லாம் கணக்குத் தீர்த்துவிட்ட இடம் அது. ஆர்வம் அடங்காதவர்கள் இரண்டாவதையும் பாடல்களுக்காகப் பார்க்கலாம். எங்கள் மாடியில் வரும் ஞாயிறு முதல் வேறு தொடர் தொடங்குகிறது. எல்லா அத்தியாயங்களும் எடுத்து முடிக்கப்பட்டதா என்று அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டார், எழுதிக் கொடுக்கவும் சொல்கிறார்.